எடுத்தவர்

ஸ்டூலின் மேல் ஏறி நின்று, ஒரு கையால் சுவரிலிருந்த படத்தைக் கழற்றியபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு கேப்டன் கத்திக்கொண்டிருந்தார். கீழே கூடத்தின் நடுவில் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். தன்னைப் பற்றித்தான் இத்தனை ரகளை என்று தெரிந்திருந்தால் எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சத்தம் ஆகாது.

“அதெப்படிங்க, நம்பர் இல்லேன்னா கொடி இல்லேம்பீங்க? சண்டைக்குப் போன மனுஷன்ங்க. போட்டோ இருக்கு. இதோ கையிலதான் வச்சிருக்கேன்.”

மறுமுனையில் இருந்தவர் ஓய்வுபெற்ற படைவீரர் சங்கத்தின் செயலாளர். போட்டோவைக் கையில் வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? கேப்டன் இறங்கினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கையிடம் படத்தைக் கொடுத்தார்.

“பாப்பா, அப்பாவோட நம்பர் வேணுமாம். பட்டாளத்துல கொடுப்பாங்கல்ல, அது. நம்பர் சொன்னா கொடி கொண்டுவந்து பெட்டி மேல போர்த்துவாங்களாம். இல்லேன்னா முடியாதாம். ரூல்ஸ் பேசுறாரு.”

“அப்பா அதெல்லாம் எங்க வச்சிருக்காரு? பென்ஷன்கூடக் கிடையாதே.”

“உள்ள பெட்டி இருக்குல்ல? தேடு. உன் கடையில ஆயிரம் சட்டைக்கு நடுவுல எவனோ ஒருத்தன் சட்டையத் தேடி எடுக்கிறவ நீ. அப்பாவோடது ஒண்ணை எடுக்க முடியாதா?”

பாப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. உலர் சலவைக் கடையில் ரசீது வாங்கித் துணி கொடுக்கும் மேசையில் அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. இருந்தும் வீட்டுக்கு அவள் பாப்பாதான். அண்ணன் கேப்டனானது பள்ளிக்கூடத்தில். எங்கப்பா போருக்குப் போனவர் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே தம்பட்டம் அடித்ததில் பையன்கள் வைத்த பெயர். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். அந்தப் பெயர்ப்பலகையிலும் கேப்டன் என்றுதான் போட்டிருக்கிறது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே எதிர்வீட்டு ஆசிரியர் கேட்டார். “எப்போ எடுக்குறீங்க?”

“நாலு மணிக்குங்க,” என்றார் கேப்டன்.

காலையிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் அதைத்தான் கேட்கிறார்கள். கேட்பது முறைதான். வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டியவர்களுக்கு நேரம் தெரிய வேண்டாமா? ஆனால் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் பாப்பாவுக்கு உள்ளே ஏதோ சுருங்கியது. அதற்குக் காரணம் நேற்று வந்ததல்ல. அவள் ஒன்றாவதோ இரண்டாவதோ படித்த காலத்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்கு மறுநாள் வகுப்பில் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும்.

“அப்பா, சண்டையில நீங்க என்ன செஞ்சீங்க?”

அப்பா கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் தட்டைப் பார்த்தார். “ஆளுங்களை எடுத்தேன்.”

அண்ணனுக்குக் கண் விரிந்தது. தெருவில் திருடன் போலீஸ் விளையாடும்போது பையன்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நான் ரெண்டு பேரை எடுத்துட்டேன், நீ எத்தனை பேரை எடுத்தே என்று.

“எத்தனை பேரைப்பா?”

“எண்ணலடா. எண்ணினா அடுத்த ஆளை எடுக்கக் கை வராது.”

“சாப்பிடுற நேரத்துல எதுக்குப் பொணப் பேச்சு?” என்று அம்மா அதட்டினாள். அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் அது பிறகு எழவே இல்லை.

அண்ணன் மறுநாள் வகுப்பில் வெளுத்து வாங்கினான். எங்கப்பா எடுத்த ஆளுங்களுக்குக் கணக்கே கிடையாது என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்தான். பாப்பா அன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது சீப்பும் ரிப்பனுமாக அப்பா வந்து பின்னால் உட்கார்ந்ததும் எழுந்துவிட்டாள். அம்மாவுக்கு மாவு மில்லில் காலைமுறை வேலை. அதனால் தினமும் தலை பின்னிவிடுவது அப்பாதான். பெரிய கை அவருக்கு. அந்தக் கையில் முடி ஒன்றுகூட இழுபடாது.

“நானே பின்னிக்கிறேன்,” என்றாள்.

“உனக்கு வராதேடா.”

“வரும்.”

வரவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் அவரிடம் தலையைக் கொடுக்கவில்லை. சாலையைக் கடக்கும்போது கையையும் கொடுக்கவில்லை. வேலைவிட்டு வந்ததும் அப்பா குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவுவார். முழங்கைவரை கழுவுவார், மறுபடியும் கழுவுவார். அவள் கதவிடுக்கிலிருந்து பார்ப்பாள். எதைக் கழுவுகிறார் என்று அவளுக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

வளர்ந்த பிறகு பயம் போய்விட்டது. போரென்றால் அப்படித்தான், அவர் என்ன செய்வார் என்று புத்தி சொன்னது. உடம்பு மட்டும் அந்தப் புத்தியைக் கேட்கவில்லை. அவளுடைய மகன் பிறந்தபோது அப்பா பார்க்க வந்தார். தொட்டிலருகில் நின்று, கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார். எடுத்துக்கோங்கப்பா என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு வேண்டியது கொடியல்ல, நம்பருமல்ல. அந்தக் கைகள் மண்ணுக்குள் போவதற்குள், அவை என்ன செய்தன என்று தெரிய வேண்டும். கொன்றாரா, எத்தனை பேரை, யார் சொல்லி என்பது அந்தப் பெட்டிக்குள் எங்காவது இருந்தால் இன்றைக்கே தெரிந்துவிட வேண்டும். நாளைக்குத் தெரிந்து யாரைப் பார்த்து என்ன செய்வது?

உள்ளறையில் கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். அதன் பூட்டுக்குச் சாவியே கிடையாது. சும்மா ஒரு மரியாதைக்குத் தொங்கும்.

மேலே கேப்டனின் பள்ளிக்கூடக் காகிதங்கள் இருந்தன. தகப்பனார் தொழில் என்ற இடத்தில் போர்வீரர் என்று அவரே கோணல்மாணலாக எழுதியிருந்தார். அப்பா அப்போது மரச்சாமான் கடையில் பீரோ ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். அதைத் திருத்தாமல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே கல்யாணப் பதிவுத் தாள். தொழில், ராணுவம். அவ்வளவுதான். அம்மை குத்திய அட்டை ஒன்று. கடையில் கொடுத்த நற்சான்று ஒன்று, ‘இவர் தூக்கிய கண்ணாடி உடைந்ததில்லை’ என்று முதலாளி எழுதியிருந்தார். அது உண்மைதான். அந்தத் தெருவில் யார் வீடு மாற்றினாலும் பீரோ தூக்க அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் திட்டும் வாங்குவார்கள். “அடி சேராதீங்கடா! காலை மாத்திப் போடுங்கடா!” என்று கத்துவார். வீட்டுக்குள் குரல் உயர்த்தாத மனிதருக்குப் பீரோ என்றால் மட்டும் எங்கிருந்தோ தொண்டை வரும்.

அடி சேராதது அவருக்குப் பிறவிக் கோளாறு என்பது குடும்பத்தின் முடிவு. கேப்டனின் பிடிவாதத்துக்காக ஒரே ஒரு தடவை பழைய படைவீரர் ஊர்வலத்தில் நடந்தார். எல்லார் வலது காலும் முன்னால் போகும்போது அவருடைய இடது கால் போனது. பார்த்துத் திருத்திக்கொண்டால் அடுத்த வளைவில் மறுபடியும் மாறியது. கூட்டம் சிரித்தது. கேப்டனுக்கு மானம் கப்பலேறிவிட்டது. அதன் பிறகு அப்பா சங்கத்துப் பக்கமே போகவில்லை. அதனால்தான் செயலாளரிடம் பெயரும் இல்லை, நம்பரும் இல்லை.

பெட்டியின் அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒரு மேல்கோட்டு இருந்தது.

பாப்பாவுக்கு அதைப் பார்த்த ஞாபகமே இல்லை. கடை மேசையில் செய்வதைப் போலவே விரித்தாள், உதறினாள், உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். சலவைக்காரர்கள் அடையாளம் போடும் இடங்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான். பட்டாளத்துச் சலவைக்காரன் மட்டும் புதிதாக எங்கே போடப்போகிறான்? கழுத்துப் பட்டைக்கு அடியில் மை கசிந்து பழுப்பாகி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு எழுத்தும் அதற்குப் பிறகு எண்களும் தெரிந்தன.

“அண்ணா!”

கேப்டன் ஓடிவந்தார். அவளை ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு செல்போனோடு படியிறங்கி ஓடினார். மாடியில் போன் சரியாகக் கேட்காது.

அவர் வேலை முடிந்துவிட்டது. அவளுடையது முடியவில்லை. கோட்டை மடிக்கப் போனவள் கை நின்றது.

தோள் இரண்டும் தேய்ந்திருந்தன. தேய்ந்து கிழிந்து, வேறு துணி வைத்துத் தைத்து, அந்தத் துணியும் தேய்ந்திருந்தது. பிடரியிலும் அப்படியே. கடைக்கு வங்கிக் காவலாளிகளின் சட்டை வரும். துப்பாக்கி மாட்டுகிற தோள் மட்டும் வெளுத்திருக்கும், மறுதோள் புதுசு மாதிரி இருக்கும். இங்கே இரண்டு தோளும் ஒரே அகலத்துக்கு, ஒரே இடத்தில் போயிருந்தன. கைமுனையிலிருந்து முழங்கைவரை கறை. எந்தக் கறை எவ்வளவு நாளானால் எந்த நிறத்துக்கு வரும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோட்டில் எங்கேயும் ஓட்டை இல்லை. அப்பா உடம்பிலும் காயம் இருந்ததில்லை. இத்தனை ரத்தமும் வேறு யாருடையதோ.

கோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இதைத்தானே தேடினாய், கிடைத்துவிட்டது, எழுந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழ முடியவில்லை.

அம்மாவைச் சற்றுப் படுக்கச் சொல்லி அதே அறையில் பக்கத்துக் கட்டிலுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் படுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு காது சுத்தமாகக் கேட்காது. மறுகாது இஷ்டப்பட்டால் கேட்கும்.

“அம்மா, இது அப்பாவோடதா?”

அம்மா கோட்டை வாங்கித் தோளைத் தடவிப் பார்த்தாள். “பின்ன யாரோடது? இந்தத் தையல் நான் போட்டது. கல்யாணமான புதுசுல குளிருக்கு இதைத்தான் போட்டுக்கிட்டுத் திரிவாரு.”

“ரெண்டு தோளும் ஏம்மா இப்படி இருக்கு?”

“வாரை மாட்டித் தூக்கினா தேயாதா? ஆளுங்க கனம் என்ன கொஞ்சமா?”

“எந்த ஆளுங்க?”

“அடிபட்ட ஆளுங்கதான். செத்தவங்களும்தான். ரெண்டு கம்புல துணியக் கட்டி, முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். இவரு எப்பவும் முன்னால. போட்டோவுலகூடத் தோள்ல வச்சிருக்காரே.”

பாப்பாவுக்கு அந்தப் போட்டோ கண்முன் வந்தது. கூடாரத்தின் முன்னால் இரண்டு இளைஞர்கள். அப்பாவின் தோளில் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அது மழை படாமல் சுற்றி வைத்த எந்திரத் துப்பாக்கி என்று கேப்டன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கியிருக்கிறார். அப்பா எதிரிலேயே விளக்கியிருக்கிறார். அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

“உனக்கு இது தெரியுமா?”

“என்ன கேள்வி இது? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. துப்பாக்கிய நான் தொட்டதே இல்லீங்க, ஆளுங்களை எடுத்துட்டு வர்றதுதான் என் வேலைன்னு. எங்கப்பாவுக்குக்கூட அதுல கொஞ்சம் குறைதான்.”

“எங்ககிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க கேக்கலையே. அதான் அவரே சொன்னாரே, ஆளுங்களை எடுத்தேன்னு. இன்னும் என்ன விளக்கவுரை வேணும் உங்களுக்கு?”

“அம்மா, நாங்க அப்பா…” என்று தொடங்கினாள்.

“என்னது? சத்தமாச் சொல்லு.”

சத்தமாகச் சொல்லக்கூடிய வாக்கியமா அது? கூடம் நிறைய ஆட்கள். அவள் எழுந்து போய் அம்மாவின் நல்ல காதில் வாயை வைத்து, அவர் கொன்றதாக நினைத்தோம் என்று சொன்னாள்.

அம்மா திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இவரா? கரப்பான்பூச்சி வந்தா காகிதத்துல ஏந்திக்கிட்டுப் போய்ப் படிக்கட்டுல விட்டுட்டு வருவாரு. மறுநாள் அதுவே திரும்பி வரும். நான் கத்துவேன். இவரா?”

 அம்மாவின் முகத்தில் ஏதோ மெதுவாக மாறிக்கொண்டு வந்தது.

“அதுக்குத்தான் அன்னிக்குத் தலை பின்ன விடமாட்டேன்னியா?”

பாப்பா தலையசைத்தாள்.

“அடிப்பாவி.” அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோட்டின் கையைப் பிடித்து, முனையை மடித்து, மறுபடி பிரித்தாள். “அவரு என்ன நினைச்சாரு தெரியுமா? அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட வந்து சொன்னாரு. என் கையில இன்னும் பொண வாடை அடிக்குது, பாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, சின்னப் பிள்ளைங்களுக்கு மூக்கு கூர்மை, நமக்குத்தான் மரத்துப்போச்சுன்னாரு. நான் மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல, சும்மா இருங்கன்னேன். கேக்கணுமே. அன்னிக்குப் புடிச்சதுதான் அந்தச் சோப்பு. உன் பிள்ளை பொறந்தப்பகூட, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னால கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சுபோச்சு. போயிட்டு வந்து, பிள்ளையத் தூக்கலன்னாரு. ஏன்னு கேட்டேன். அவ கொடுக்கல, பாவம், அவளுக்கு இன்னும் அடிக்குது போலன்னாரு.”

பாப்பா கோட்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். பூச்சி உருண்டை வாடை மட்டும்தான் வந்தது. அவள் அழுதாள். நேற்று மாலையிலிருந்து எல்லாரையும் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, போன் பேசிக் கொண்டிருந்தவள், இப்போதுதான் அழுதாள். அம்மா அவள் தலையைத் தடவவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தையலை ஒரு விரலால் அளந்துகொண்டே இருந்தாள்.

முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு அப்பாவின் கையை எடுத்தாள். எடுக்க வரவில்லை, விறைத்திருந்தது. ஆகவே அவளே குனிந்து அதன்மேல் முகத்தை வைத்தாள். முத்தம் கொடுக்கிறாள் என்று உட்கார்ந்திருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் மோந்து பார்த்தாள். சோப்பு வாடைதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் கழுவியதாக இருக்கும். வாடை இல்லப்பா, எப்பவுமே இல்லப்பா என்று உதடு அசையாமல் சொன்னாள். இதைச் சொல்ல எத்தனையோ வருஷம் அவர் இதே வீட்டில் உயிரோடு உட்கார்ந்திருந்தார் என்ற நினைப்புத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டும். ஆனால் அவர் எங்கே நின்றார்? வாசலில், படியில், கீழே தெருவில் என்று ஓடிக்கொண்டே இருந்தார். கொடி வருகிறது, கொடி வருகிறது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை கையைப் பிடித்து நிறுத்தினாள். “அண்ணா, ஒரு விஷயம்.” அதற்குள் மரச்சாமான் கடையிலிருந்து அப்பாவோடு வேலை பார்த்த இருவர் வந்துவிட்டார்கள். “எப்போ எடுக்குறீங்க?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள்.

இப்போது அந்தச் சொல் அவளைச் சுருக்கவில்லை. ஆனால் எங்கேயோ போய்க் குத்தியது.

செயலாளர் ஒற்றை ஊன்றுகோலோடு படியேறி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். கக்கத்தில் ஒரு துணிப்பை, அதற்குள் மடித்த கொடி. ஊதுகுழல் ஊதுகிறவருக்குப் பல் கட்டியிருக்கிறார்கள், வரமுடியவில்லை, மன்னிக்கவும் என்றார். பிறகு கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்பருக்கு முன்னால ரெண்டு எழுத்து சொன்னீங்களே, அப்பதான் தெரிஞ்சுது. உங்கப்பா இந்தப் பிரிவுன்னு ஏங்க முதல்லயே சொல்லல? நான்பாட்டுக்கு நம்பர் கிம்பர்னு பேசிட்டேன்,” என்றார்.

கேப்டன் நிமிர்ந்தார். “முன்னணிதானுங்களே?”

“முன்னணிக்கும் முன்னாலங்க. நாங்க பதுங்கிக்கிடப்போம். இவங்க எழுந்து நடப்பாங்க. கையில துப்பாக்கி கிடையாது, ரெண்டு கையிலயும் கம்பு. அடிபட்டவன எடுக்கணுமே.”

“எடுக்கணும்னா?”

“எடுத்துட்டு வரணும்.” செயலாளர் ஊன்றுகோலால் தன் இடதுகாலைத் தட்டிக் காட்டினார். கட்டையைத் தட்டின சத்தம் வந்தது. “என்னையும் அப்படித்தான் எடுத்துட்டு வந்தாங்க. யாருன்னு தெரியாது. படுத்திருக்கிறவனுக்கு முன்னால தூக்குறவன் முதுகு மட்டும்தான் தெரியும். எவ்வளவு தூரம்னு நினைக்கிறீங்க? கல்லும் பள்ளமும். ஆனா ஆடல பாருங்க. அடி சேர்ந்து நடந்தா தொட்டில் மாதிரி ஆடும், காயத்துல உசுரு போயிடும். அதனால ஆளுக்கொரு காலா மாத்தி மாத்தி வைப்பாங்க. அந்தப் பழக்கம் அவங்களுக்குப் போகவே போகாது. எங்க ஊர்வலத்துல எவனாவது காலு மாறி நடந்தா, நாங்க சிரிக்கமாட்டோம். பாத்துக்கிட்டிருக்கிற ஜனங்கதான் சிரிக்கும்.”

கேப்டன் சுவரில் படம் இருந்த இடத்தை ஒருதரம் பார்த்தார். சுண்ணாம்பில் சதுரமாக ஒரு வெளுப்பு. படம் இப்போது பெட்டியின் தலைமாட்டில் இருந்தது. அங்கேயும் பார்த்தார்.

“அப்ப அந்தத் தோள்ல இருக்கிறது…”

“ஸ்ட்ரெச்சருங்க. சுருட்டி வச்சது.”

கேப்டன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்திலேயே விஷயம் இருந்தது. படிக்கட்டின் முதல் படியில் போய் உட்கார்ந்தார். அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒருத்தரைக்கூடவா?” என்றார் மெதுவாக.

“ஒருத்தரைக்கூட இல்லண்ணா. அம்மா சொன்னா. துப்பாக்கியத் தொட்டதே இல்லையாம்.”

“நான் ஊர்பூரா சொல்லி வச்சிருக்கேனே, பாப்பா. அவரு எதிர்லயே சொன்னேனே. ஒருவார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாமில்ல?”

“உனக்குக் கைதட்டு விழுந்துச்சில்ல. அதைக் கெடுப்பானேன்னு விட்டிருப்பாரு.”

அவர் உள்ளங்கையில் எழுதிய நம்பர் வியர்வையில் பாதி அழிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஊர்வலத்துல நான் சொன்னேன், பாப்பா. வீட்டுக்கு வந்ததும், நீங்கல்லாம் எப்படிப்பா பட்டாளத்துல இருந்தீங்கன்னு கேட்டேன்.”

தலை பின்னிய கதையை அவள் சொல்லவில்லை. அது அவளுடையது. அண்ணனுக்கு அவர் பங்கே போதும்.

நாலு மணி ஆனது. செயலாளர் பையிலிருந்து கொடியை எடுத்து உதறி, பெட்டியின் மேல் விரித்து, மடிப்பு நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். தெரு குறுகல். வண்டி கடைசியில், மருந்துக் கடை முனையில்தான் நிற்க முடியும். அதுவரை தூக்கித்தான் போக வேண்டும். பெட்டிக்குப் பக்கத்துக்கு இரண்டாக நாலு கைப்பிடி. முன்னால் கேப்டனும் பாப்பாவின் கணவரும், பின்னால் மரச்சாமான் கடைக்காரர்கள் இருவரும்.

படியில், காலை முன்னால் விட்டு, தலையை உயர்த்திப் பிடித்து, ஒன்றும் இடிக்காமல் இறக்கினார்கள். கடைக்காரர்களுக்கு அப்பா கற்றுக்கொடுத்த வேலை அது. தெருவில் கால் வைத்ததும்தான் சிக்கல் வந்தது. கனத்தோடு சமதரையில் நடக்கும்போது நாலு பேர் கால்களும் தாமாகவே ஒன்று சேர்ந்துகொண்டன. இடது, வலது, இடது, வலது. பெட்டி ஆடத் தொடங்கியது. ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, உள்ளே ஏதோ மெதுவாக மோதும் சத்தம் கேட்டது. கொடியின் ஒரு முனை நழுவியது. பின்னாலிருந்த கடைக்காரரில் மூத்தவருக்கு மணிக்கட்டு இழுத்தது, முகம் கோணியது.

பாப்பா கூட்டத்திலிருந்து வெளியே வந்து, அவர் கையின்மேல் கை வைத்தாள். “கொடுங்க.”

“வேணாம்மா, கனம்.”

“கொடுங்கண்ணே.”

அவர் கொடுத்தார். கைப்பிடி அவர் வியர்வையில் ஈரமாக இருந்தது. அவள் இறுக்கிப் பிடித்தாள். இத்தனை கனமா இருந்தீங்க என்று நினைத்தாள்.

“அண்ணா,” என்று முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அடி சேராதீங்க. காலை மாத்துங்க.”

கேப்டனின் முதுகு ஒரு கணம் நின்றது. பிறகு அவர் ஒரு அரை எட்டு வைத்துக் காலை மாற்றிக்கொண்டார். அதைப் பார்த்து அவளுடைய கணவர் தடுமாறி, சமாளித்து, வேறு கணக்கில் நடந்தார். அவள் தன் காலை மாற்றினாள். இன்னொரு கடைக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாலு பேர் கால்களும் நாலு விதமாக விழுந்தன. பெட்டிக்குள் சத்தம் நின்றது. செயலாளர் ஊன்றுகோலை ஊன்றி ஓரமாக நின்று, போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர்ந்து நடக்கக்கூடத் தெரியல பாரு இவங்களுக்கு,” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பெட்டியின் மேல் கொடி அசையவில்லை.